ஃபீஸ் கடைசிக் கேள்விடி

அன்புள்ள செல்வி,

தீபாவளிக்கே பதில் போட்டிருக்க வேண்டும், பொங்கலும் போய்விட்டது. திட்டுவதைப் போனில் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். மல்லிகா அக்கா அந்தக் குக்கரை இன்னும் திருப்பித் தரவில்லை.

எல்.வி.என்., அதாவது உதவி நர்ஸாக இருக்கிற நீ, ஆர்.என்., அதாவது முழு நர்ஸாக பிரிட்ஜ் கோர்ஸ் படிக்க வேண்டி அனுப்பிய மூன்று வெளி மாநிலக் காலேஜ் விவரத்தையும் பார்த்தேன். மூன்றுக்கும் ஃபீஸைக் கூட்டிக் கழித்துச் சிவப்பு மையில் அடிக்கோடு வேறு! கணக்கு டீச்சர் பார்த்தால் பூரித்துப்போவார். ஆனால் ஃபீஸ் கடைசிக் கேள்விடி. படித்து முடித்து எந்த மாநிலத்தில் ஆர்.என். லைசென்ஸ் எடுக்கப்போகிறாய்? ஃப்ரீமான்டை விட்டு நகர மாட்டேன் என்றால், லைசென்ஸ் கொடுக்கிற கலிஃபோர்னியா நர்சிங் போர்டு என்ன கேட்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் காலேஜையே தேட வேண்டும்.

போர்டு கேட்பது நர்சிங்கில் மட்டும் 36 செமஸ்டர் யூனிட்: 18 தியரி, 18 கிளினிக்கல், அதாவது வார்டில் நேரடிப் பயிற்சி. மெடிக்கல் சர்ஜிக்கல், பிரசவம், குழந்தைகள், மனநலம், முதியோர் என்று ஐந்திலும் பாடமும் வார்டு வேலையும் சேர்ந்தே நடந்திருக்க வேண்டும். வெளி மாநிலத்து பிரிட்ஜ் கோர்ஸ் இடிப்பது இங்கேதான். "எல்.வி.என். தானே, பிரசவமும் குழந்தைகளும் தெரிந்திருக்கும்" என்று ஒரு பரீட்சை வைத்து அந்த யூனிட்டைக் கழித்துக் கொடுப்பார்கள். சேரும்போது இனிக்கும். லைசென்ஸுக்குப் போகும்போது அந்தக் கிளினிக்கல் மணிநேரம் எங்கே என்று போர்டு கேட்டால் நீ எதைக் காட்டுவாய்?

உன் பட்டியலில் இரண்டாவது, ஆல்பனியில் இருக்கும் எக்செல்சியர். வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற எல்.பி.என்.களுக்கு (எல்.வி.என்.னுக்கு வெளி மாநிலத்தில் அதுதான் பெயர்) ஏற்ற இடம்தான், பல மாநிலங்களில் செல்லும். ஆனால் 2003 டிசம்பர் 6-லிருந்து அங்கே சேர்ந்தவர்களுக்குக் கலிஃபோர்னியா கதவைச் சாத்திவிட்டது. பட்டியலிலிருந்து அடித்துவிடு. "காம்பாக்ட் இருக்கிறதே" என்று உன் வார்டில் யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறாய். ஒரு மாநில லைசென்ஸை வைத்து மற்ற மாநிலங்களிலும் வேலை பார்க்கவிடும் ஒப்பந்தம் அது. நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதில் இருக்கின்றன, கலிஃபோர்னியா இல்லை. அதுவும் அது லைசென்ஸுக்கான ஏற்பாடு. எங்கே படித்தாலும் செல்லும் என்று அதற்கு அர்த்தமில்லை.

மூன்றாவது காலேஜ் எனக்குப் பிடிக்கவே இல்லை. கிளினிக்கலைப் பற்றி ஒரு வரி இல்லை, ஆறு மாதத்தில் சர்டிஃபிகேட்டாம். 2023 ஜனவரியில் ஃப்ளோரிடாவில் 'ஆபரேஷன் நைட்டிங்கேல்' என்று பிடித்தார்களே, 7,600-க்கும் மேற்பட்ட போலி நர்சிங் டிப்ளமோ! காசு கொடுத்து வாங்கியவர்களின் லைசென்ஸையும் பல மாநிலங்கள் பறித்தன. காலேஜ் இருக்கும் மாநில போர்டின் அங்கீகாரப் பட்டியலில் பெயர் இருக்கிறதா, நர்சிங் படிப்புகளைத் தரம் பார்க்கும் ஏ.சி.இ.என். மாதிரி அமைப்பின் அக்ரெடிடேஷன் இருக்கிறதா, இரண்டையும் பார். காலேஜ்காரன் சொல்வதை நம்பாதே, போர்டின் பட்டியலிலேயே போய்ப் பார்.

முதல் காலேஜ் நல்ல காலேஜ், ஆனால் அதன் கிளினிக்கல்தான் எனக்கு உறுத்துகிறது. தியரியை ராத்திரி பத்து மணிக்கு வீட்டில் உட்கார்ந்து படித்துவிடலாம். வார்டை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. "கிளினிக்கல் இடம் கிடைக்க உதவுவோம்" என்று எழுதியிருக்கிறார்கள் பார், அதற்கு 'நீயே தேடிக்கொள்' என்று அர்த்தம். ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் ஒப்பந்தம் வேண்டும். அது இரண்டு பக்கத்து வக்கீல் மேஜையிலும் மாதக்கணக்கில் தூங்கும். கூடவே நின்று சொல்லித்தர ஆர்.என். ஒருவர் சம்மதிக்க வேண்டும். போர்டின் அனுமதியும் வேண்டும். உன் பக்கத்து ஆஸ்பத்திரிகளோ இருக்கிற இடத்தை உள்ளூர்க் காலேஜ்களுக்கே பங்கு போட முடியாமல் திணறுகின்றன. தியரி முழுக்க முடித்து, ஃபீஸும் கட்டிவிட்டு, பிரசவ வார்டு கிடைக்காமல் ஒரு வருஷம் சும்மா உட்காருகிறவர்கள் இதனால்தான்.

அதனால் அவர்களுக்கு மெயிலில் கேள், போனில் வேண்டாம். இடம் தேடுவது யார் பொறுப்பு? எந்த ஊர்? ஐந்து பிரிவிலும் தனித்தனியாக எத்தனை மணி நேரம்? கடைசி நேரத்தில் இடம் போனால் ஃபீஸ் திரும்புமா? கலிஃபோர்னியாவில் இருந்துகொண்டே முடித்தவர்கள் எத்தனை பேர்? மழுப்பினால் விட்டுவிடு. 2020 ஜூலையிலிருந்து மத்திய அரசு விதி ஒன்று இருக்கிறது: தங்கள் படிப்பு எந்தெந்த மாநில லைசென்ஸுக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று காலேஜ் வெளியிட வேண்டும். கலிஃபோர்னியாவைப் பற்றித் தெளிவாகச் சொல்லவில்லை என்றால் பொருந்தாது என்றே எடுத்துக்கொள்.

30 யூனிட் வழியைப் பற்றிக் கேட்டிருந்தாய். எல்.வி.என். 30 யூனிட் மட்டும் முடித்து ஆர்.என். லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ் பரீட்சை எழுதலாம், உண்மைதான். டிகிரி கிடையாது, கலிஃபோர்னியாவைத் தாண்டினால் பெரும்பாலான மாநிலங்கள் அந்த லைசென்ஸை மதிக்காது. உன் வீட்டுக்காரருக்கு டெக்ஸஸுக்கு மாற்றல் வரும் வரும் என்று நாலு வருஷமாகச் சொல்கிறாய். நிஜமாகவே வந்துவிட்டால்? அந்தப் பக்கம் போகாதே.

நான் சொல்வதைக் கேட்பாயா? வெளி மாநிலத்துக்கு முன்னால் வெளி மாவட்டத்தைத் தேடு. கம்யூனிட்டி காலேஜில் கலிஃபோர்னியாவாசிக்கு யூனிட்டுக்கு 46 டாலர், ஃப்ரெஸ்னோவானாலும் பேக்கர்ஸ்ஃபீல்டானாலும் அதே 46. எல்.வி.என்.களைப் பல காலேஜ்கள் நேராக இரண்டாம் வருஷத்தில் சேர்க்கும். பெரும்பாலும் முதல் வருஷத்தில் யாராவது நின்றுபோனால்தான் அந்த இடம் காலியாகும். அதனால் செமஸ்டர் முடிகிற வாரத்தில் ஆஃபீஸில் இருப்பவரிடம் பெயரைக் கொடுத்துவைத்து, திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். வெட்கப்படாதே. நாலைந்து இடத்தில் போட்டுவை.

அதற்குள் உன் மைக்ரோபயாலஜியைக் கவனி. 2018-ல் எடுத்தது. சயன்ஸ் யூனிட் ஐந்து அல்லது ஏழு வருஷத்துக்குள் இருக்க வேண்டும் என்று கேட்கும் காலேஜ்கள் நிறைய. திரும்ப எடுப்பதென்றால் லேப் நேரில் இருக்கிற வகுப்பாகப் பார்த்து எடு, ஆன்லைன் லேபைச் சில இடங்களில் ஒப்புக்கொள்வதில்லை. நர்சிங்கில் சேர எழுதும் டீஸ் பரீட்சை 170 கேள்வி, 209 நிமிஷம். இங்கிலீஷும் கணக்கும் உனக்குத் தண்ணீர் பட்ட பாடு, சயன்ஸில்தான் மார்க் சரியும். அனாட்டமியைத் தூசு தட்டு.

டிரான்ஸ்கிரிப்டை ஸ்கேன் பண்ணி அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
வசந்தி

பி.கு.: ஹெபடைடிஸ் பி டைட்டர், அதாவது ஊசி போட்ட எதிர்ப்பு சக்தி இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை, இப்போதே எடுத்துவிடு. குறைவாக வந்தால் ஊசிகளைத் திரும்பப் போட்டு முடிக்க ஆறு மாதம் வரை பிடிக்கலாம். அது இல்லாமல் பெரும்பாலும் வார்டில் உள்ளே விட மாட்டார்கள்.