கடற்கரைப் படம் பார்த்துக் கோபித்துக்கொண்ட அப்பாவுக்கு

டர்பன், தென் ஆப்பிரிக்கா,
4.10.2020

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நலம். நலமறிய ஆவல். இதைக் காகிதத்தில் எழுதிப் படம் பிடித்துத் தம்பியின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறேன். போனில் நான் பேசினால் உங்கள் காதில் பாதிதான் விழுகிறது. அந்தப் பாதிக்கும் திட்டுதான் பதிலாக வருகிறது. தம்பி நிதானமாக வாசித்துக் காட்டட்டும்.

போன வாரம் அனுப்பிய கடற்கரைப் படத்தைப் பார்த்துவிட்டு, "உலகமே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறது, உனக்குப் பிள்ளைகளோடு பீச் கேட்கிறதா?" என்றீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இங்கே நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த கதையை உங்களிடம் சரியாகச் சொல்லவே இல்லை.

கொரோனா ஊரடங்கு இங்கே மார்ச் 27-ம் தேதி ஆரம்பித்தது. ஏப்ரல் முடியும்வரை நடைப்பயிற்சிக்குக்கூட வெளியே போகக் கூடாது. நாயைக் கூட்டிக்கொண்டு தெருவில் நடந்தாலும் குற்றம். ஐந்து வாரம், மூன்றாவது மாடி, இரண்டு பிள்ளைகள். சின்னவள் சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே பையைத் தூக்கிக்கொண்டு "கடைக்குப் போய்ட்டு வரேன்" என்று விளையாடுவாள். பெரியவன் பேச்சையே குறைத்துக்கொண்டான். மே 1 முதல், காலை 6 மணியிலிருந்து 9 மணிவரை, வீட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் நடக்கலாம் என்றார்கள். ஊரே அந்த மூன்று மணி நேரத்தில் தெருவுக்கு வந்தால் எப்படி இருக்கும்? தேர்த் திருவிழாக் கூட்டம்தான். நாங்கள் விடிவதற்கு முன் இருட்டிலேயே இறங்கி, கூட்டம் சேர்வதற்குள் திரும்பிவிடுவோம். பூங்காவும் கடற்கரையும் திறந்தது ஆகஸ்ட் 18-ல்தான்.

அப்புறம், நீங்கள் பார்த்த அந்தப் படம். கடலோர நடைபாதை ப்ளூ லகூனிலிருந்து துறைமுக வாய் வரை ஏறக்குறைய 8 கிலோமீட்டர். அவ்வளவு நீளத்தில் காலை ஆறு மணிக்குப் போனால் பக்கத்தில் ஆளே இருக்க மாட்டார்கள். எல்லோருக்கும் முகக்கவசம், வெளியிலும் போட வேண்டும் என்பது இங்கே சட்டம். படத்துக்காக ஒரு நிமிடம் கழற்றினோம், அதுதான் உங்கள் கண்ணில் பட்டது. மாப்பிள்ளை பழைய செய்தித்தாளில் பட்டம் ஒட்டிக் கொடுத்தார். இந்தக் காலத்துக்குப் பட்டத்தைப் போல ஒரு விளையாட்டு கிடையாது அப்பா. பக்கத்தில் யாரும் வந்து நிற்க முடியாது, வாலும் நூலும் விடாது. பந்து அப்படி இல்லை. ஓடிப்போய் அடுத்தவர் காலடியில் விழுந்துவிடும். காற்று பலமாக இருந்ததில் முதல் பட்டம் கடலுக்கே போய்விட்டது. இரண்டாவது நின்றது. பெரியவன் அன்றைக்குத்தான் வாய் திறந்து கத்தினான்.

எதிர் வீட்டு ஆன்ட்டியைப் பற்றி எழுதியிருக்கிறேன் அல்லவா? 1860-ல் சென்னையிலிருந்து முதல் கப்பல் இங்கே வந்ததிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வம்சம். தமிழ் பேச வராது. ஆனால் புரட்டாசி முழுக்க வீட்டில் கறி, மீன் கிடையாது. நம் தெருவில் சனிக்கிழமையோடு முடித்துக்கொள்கிறோம்! அவரும் எங்களோடு தாவரவியல் பூங்காவுக்கு வந்தார், தனிக் காரில். புல்லில் அவருக்கு ஒரு விரிப்பு, எங்களுக்கு ஒன்று, நடுவில் நாலு எட்டு இடைவெளி. அவரவர் சாப்பாடு அவரவருக்கு. அதுதான் ஆன்ட்டிக்குப் பெரிய துக்கம். பீன்ஸ் பன்னி கொண்டுவந்து கொடுக்க முடியாமல் தனியே உட்கார்ந்து தின்றார். பன்னி என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள். ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பை ஊற்றினால் இங்கே அதற்குப் பெயர் பன்னி.

எங்கள் புளிசாதத்தில் பாதியைக் குரங்கு கொண்டுபோயிற்று. அதற்கு இடைவெளி எல்லாம் தெரியாது.

1849-ல் தொடங்கிய பூங்கா அது. அங்கே பனை மாதிரி தோன்றும், பனை அல்லாத சைகட் இனத்து மரம் ஒன்று இருக்கிறது. 1895-ல் மெட்லி வுட் என்பவர் காட்டில் கண்டுபிடித்தது. ஆண் மரம். இன்றுவரை உலகத்தில் எங்கேயும் அதற்கு ஒரு பெண் மரம் கிடைக்கவில்லை. "நம்மைவிட ரொம்ப நாளாகத் தனிமையில் இருக்கிறது" என்றார் மாப்பிள்ளை. சின்னவள் அதற்கு டாட்டா காட்டிவிட்டு வந்தாள்.

ஊஞ்சல், சறுக்குமரம் பக்கம் விடுவதில்லை. பொதுக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கும் என்பதால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எங்கும் தங்குவதில்லை. இவ்வளவு பயம் எனக்கும் இருக்கிறது, நம்புங்கள்.

ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதில்தான் உங்களோடு எனக்குச் சண்டை. அம்மா பூஜை அறையில் சாம்பிராணி போட்டால் மதியம்வரை வாசம் நிற்கிறது. அதையே வாசலில் போட்டால்? மூச்சும் அப்படித்தான். இங்கே ஒரு வீட்டில், யாரென்று சொல்ல மாட்டேன், பிறந்தநாள் என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு பன்னிரண்டு பேர் கேக் வெட்டினார்கள். ஒரே வாரத்தில் ஆறு பேருக்குக் காய்ச்சல். கடற்கரைக்குப் போகாத கெட்டிக்காரர்கள்! அரசே இப்போது கட்டடத்துக்குள் கூடினால் 250 பேர், திறந்தவெளியில் கூடினால் 500 பேர் என்று பிரித்துத்தான் வைத்திருக்கிறது.

இனி நான் கேட்கிறேன். ஆவணி முகூர்த்தத்தில் ஏசி மண்டபத்தில் உட்கார்ந்து பந்தியில் சாப்பிட்டது யார்? தம்பி படம் அனுப்பிவிட்டான் அப்பா. கவசம் தாடையில் தொங்குகிறது.

தை மாதக் காதுகுத்தை மண்டபத்தில் வைக்க வேண்டாம். நம் தென்னந்தோப்பில் வையுங்கள். பந்தலுக்கு மேலே கீற்று போதும், பக்கத்தில் தடுப்பு கட்டச் சொல்லாதீர்கள். சாப்பாட்டைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிடலாம். சித்தப்பா கோபித்துக்கொள்வார், கோபித்துக்கொள்ளட்டும். அம்மாவைச் சாயங்காலம் மொட்டை மாடியில் நடக்கச் சொல்லுங்கள். நீங்களும் கூட நடங்கள்.

பட்டத்துக்கு வால் நீளமா, குட்டையா இருக்க வேண்டும் என்று பெரியவன் தாத்தாவிடம் கேட்கச் சொன்னான். காற்று பலமாக அடிக்கும் ஊர் என்று சொல்லிக் கேட்கச் சொன்னான். தம்பியிடம் பதில் சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்