பேஸ்போலில் பாதை யாருக்குச் சொந்தம்?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

கடந்த மாதம் யாழ்ப்பாணத்துப் பாடசாலை மைதானம் ஒன்றில், 17 வயதுக்குட்பட்ட பையன்களின் நட்புமுறைப் பேஸ்போல் ஆட்டத்துக்கு நான் நடுவராக நின்றேன். அன்று இரண்டு தீர்ப்புகளைப் பிழையாகச் சொன்னேன். வீட்டுக்கு வந்து விதிகளை எடுத்துப் படித்தபோதுதான் அது விளங்கியது. 28 ஆண்டுகள் உடற்கல்வி கற்பித்த நானே தடுமாறியிருக்கிறேன் என்றால், அதே பழக்கத்தில் வந்த மற்ற ஆசிரியர்களுக்கும் இது நேரும் என்பதால் எழுதுகிறேன்.

முதலாவது தீர்ப்பு இது. இரண்டாம் பேஸில் (ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய நான்கு இடங்களில் இரண்டாவது) நின்ற பையன் மூன்றாம் பேஸை நோக்கி ஓடுகிறான். அடிபட்ட பந்து தரையோடு உருண்டு இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே ஷோர்ட்ஸ்டொப் என்ற இடத்தில் நின்ற பிள்ளையிடம் வருகிறது. அவன் குனிந்து, கையுறையை மண்ணில் வைத்து, பந்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறான். ஓடிவந்தவனின் முழங்கால் அவனுடைய தோளில் இடித்தது. இருவரும் விழுந்தார்கள். பந்து வெளிக்களத்துக்கு ஓடிவிட்டது. இடித்தவன் எழுந்து ஓடி, ஓட்டம் முடியும் கடைசி இடமான ஹோம் வரை போய் ஓட்டமும் எடுத்துவிட்டான். அவன் வேண்டுமென்று இடிக்கவில்லை என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆகவே ஆட்டம் தொடரட்டும் என்று கையசைத்தேன். விழுந்த பிள்ளை உதட்டில் ஒட்டிய மண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

நாங்கள் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளின் கிரிக்கெட் ஆட்டமான 'வடக்கின் பெருஞ்சமர்' பார்த்து வளர்ந்தவர்கள். கிரிக்கெட்டில், களத்தடுப்புக்கு இடையூறு செய்ததாகத் துடுப்பாட்ட வீரருக்கு ஆட்டமிழப்புக் கொடுப்பதற்கு, வேண்டுமென்று செய்தாரா என்பதே கேள்வி. களத்தடுப்பாளர் வேண்டுமென்று துடுப்பாட்ட வீரரை மறித்தால் எதிரணிக்கு 5 ஓட்டங்கள். அந்தக் கேள்வியைத்தான் அன்று நானும் மனதுக்குள் கேட்டேன். பேஸ்போலில் இந்த இடத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. அடிபட்ட பந்தைப் பிடிக்க நிற்பவருக்கு ஓடுபவர் வழிவிட வேண்டும். இடித்துவிட்டால் பந்து அந்தக் கணமே செத்துவிடும், அதாவது ஆட்டம் நின்றுவிடும்; ஓடியவர் அவுட், அடித்தவர் முதலாம் பேஸுக்குப் போவார். களத்தடுப்பாளர் எறிந்த பந்தைக் குழப்பினால்தான் வேண்டுமென்று குழப்பினாரா என்று பார்க்க வேண்டும்.

"என்னுடைய மகன் தன்னுடைய பாதையில்தானே ஓடினான், சேர்?" என்று ஒரு தாய் அன்று என்னிடம் வந்து கேட்டார். அந்த நேரத்தில் பாதை அவனுடையது அல்ல, அம்மா. அவன் சுற்றிப் போயிருக்கலாம். பாதையை விட்டு 3 அடிக்கு மேல் விலகினால் அவுட் என்பது, பந்தோடு தொடவருபவரிடமிருந்து தப்ப ஓடும்போது மட்டுமே. பந்தை எடுப்பவருக்கு வழிவிட்டு விலகினால் குற்றமில்லை.

இரண்டாவது தீர்ப்பு இதற்கு நேர்மாறானது. ஒரு சின்னப் பையன் நல்ல அடி அடித்து, முதலாம் பேஸைத் தொட்டுத் திரும்புகிறான். அங்கே நின்ற களத்தடுப்பாளர் கையில் பந்து இல்லாமல், வெளிக்களத்தைப் பார்த்தபடி ஓடுபாதையில் நிற்கிறார். பையன் அவரைச் சுற்றிக்கொண்டு ஓடியதில் இரண்டு எட்டுப் பிந்தி, இரண்டாம் பேஸில் அரை எட்டால் அவுட்டானான். நானும் அவுட் என்றே சொன்னேன். அது வழிமறிப்பு. கையில் பந்தும் இல்லாமல், பந்தைப் பிடிக்கும் முயற்சியிலும் இல்லாமல் ஓடுபவரைத் தடுத்தால், தெரியாமல் நின்றாலும் குற்றமே. நான் அதைக் கையால் சுட்டிக்காட்டி, ஆட்டத்தை ஓடவிட்டு, முடிந்ததும் அவனை இரண்டாம் பேஸில் நிறுத்தியிருக்க வேண்டும்.

ஒரே களத்தடுப்பாளருக்கு இருக்கும் உரிமை ஒரு நொடியில் கைமாறிவிடும் என்பதுதான் இதில் சிக்கல். அமெரிக்கத் தொழில்முறைப் பேஸ்போலின் இறுதித் தொடரான 'உலகத் தொடரின்' 2013 மூன்றாவது ஆட்டம் அதற்குச் சாட்சி. ஒன்பதாவது இன்னிங்ஸில் 4-4 என்று சமநிலை. மூன்றாம் பேஸுக்கு வந்த எறியைப் பாய்ந்தும் பிடிக்க முடியாமல் களத்தடுப்பாளர் வில் மிடில்புரூக்ஸ் தரையில் கிடந்தார். ஹோமுக்கு ஓடப் புறப்பட்ட செயின்ட் லூயிஸ் வீரர் அலன் கிரெய்க் அவர்மேல் தடுக்கி விழுந்தார். எழுந்து ஓடியவரை ஹோமில் தொட்டும்விட்டார்கள். ஆனால் நடுவர் ஜிம் ஜொய்ஸ் வழிமறிப்பு என்று ஏற்கெனவே காட்டியிருந்ததால் அந்த ஓட்டம் கொடுக்கப்பட்டு, செயின்ட் லூயிஸ் அணி 5-4 என்று வென்றது. விழுந்து கிடந்தவர் எழும்ப நேரமிருந்ததா என்று விதி கேட்கவில்லை.

எங்கள் ஆட்டங்களில் பெரும்பாலும் அடிப்பவருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கெட்சருக்குப் பின்னால் ஒருவர் தனியாக நிற்கிறோம். கண் பந்தின் பின்னால் போகிறது; மறிப்பதோ பந்து இல்லாத இடத்தில் நடக்கிறது. இரண்டாவது நடுவர் ஒருவராவது வேண்டும், அவர் பந்தை விட்டுவிட்டு ஓடுபவரின் காலைப் பார்க்க வேண்டும். பாடசாலை அதிபர்களும் கோட்ட விளையாட்டு அலுவலர்களும் பருவம் தொடங்குமுன் ஒருநாள் வகுப்பு நடத்தினால் போதும். மண்டபத்தில் தாள் கொடுத்து நடத்த வேண்டாம். மைதானத்தில் பிள்ளைகளை மெதுவாக ஓடவிட்டு, இடிக்கும் இடத்தில் நிறுத்தி, இப்போது பாதை யாருடையது என்று கேட்க வேண்டும். பெற்றோரும் வேலியோரம் நின்று பார்க்கட்டும்.

அந்த இரண்டு பையன்களிடமும் அவர்களுடைய பயிற்றுநர்கள் முன்னிலையில் நான் பிழைவிட்டதைச் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை காலைகளில் எனக்கு வேலையில்லை. எந்தப் பாடசாலை அழைத்தாலும் வருகிறேன். நான்கு பேஸும் ஒரு பந்தும் எடுத்து வைத்தால் சரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கொக்குவில்.