நாலு இரவும் நீல் தீவிலேயே

விருதுநகர்,
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அம்மாவும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலந்தானே? டப்ளினில் குளிர் எலும்பு வரை இறங்குகிறது என்றாய். காதை மூடாமல் வெளியே போகாதே.

நீங்கள் இருவரும் போகப்போகும் அந்தமான் பயணத்துக்கு நீ போட்டு அனுப்பிய திட்டம் வந்தது. போனில் எழுத்து பொடிப்பொடியாகத் தெரிந்ததால் முக்குக் கடையில் அச்சிட்டு வாங்கி வந்தேன். இரண்டு தாள். ஐந்து நாளில் மூன்று தீவு, பதினோரு கடற்கரை. நடுவில் 'மாலை 5.30 முதல் 6.15 வரை ஓய்வு' என்று ஒரு கட்டம். "சரியாக இருக்கிறதா என்று இரண்டு வரியில் சொல்லுங்கள் அப்பா" என்று கேட்டிருக்கிறாய். முப்பத்தாறு வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவனிடம் டைம்டேபிளை நீட்டிவிட்டு இரண்டு வரியில் பதில் கேட்டால் நடக்கிற காரியமா? சிவப்பு மையில் திருத்திக்கொண்டே வந்தேன். இரண்டாம் தாளுக்குப் போவதற்குள் சிவப்புதான் மிச்சம் இருந்தது. அதனால் கடிதமாகவே எழுதிவிடுகிறேன்.

அந்த ஓய்வுக் கட்டத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். ஓய்வு முடிந்ததும் '6.15, சூரிய அஸ்தமனம், லட்சுமண்பூர்' என்று நீல் தீவுக் கடற்கரையைப் போட்டிருக்கிறாய். நீ ஓய்வெடுத்து முடித்துக் கடற்கரைக்கு வரும்போது சூரியன் போயே போய்விட்டிருக்கும். கும்மிருட்டில் மாப்பிள்ளை டார்ச் அடிக்க, நீ மணலில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பாய். நாங்கள் போன தை மாதத்தில் அங்கே ஐந்தேகாலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிட்டது. அந்த நேரத்தில் நம் வீட்டு மொட்டை மாடியில் வெயில் இன்னும் ஒரு மணி நேரம் நிற்கும். நீ வரும் பிப்ரவரியில் கொஞ்சம் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

காரணம் எளிது. நம் நாட்டுக் கடிகாரம் மிர்சாபூர் வழியாகப் போகும் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. அந்தமான் இருப்பது 93 பாகைக்குப் பக்கத்தில். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். கணக்குப் போட்டால் அங்கே சூரியன் கடிகாரத்துக்கு நாற்பது நிமிடத்துக்குமேல் முன்னாலேயே ஓடுகிறது. (1906இல் இந்த நேரம் வருவதற்கு முன் நாட்டு ரயில்கள் மதராஸ் நேரத்தில் ஓடின. உனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். நீ ஒருமுறையும் காதில் வாங்கியதில்லை.) ஆக, அந்தத் தீவில் கையில் கட்டியிருக்கும் கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டினாலும் தப்பாகத்தான் காட்டும். முதல் நாள் எனக்கு அது பெரிய மனக்குறையாக இருந்தது. இரண்டாம் நாள் கழற்றி உன் அம்மாவின் கைப்பையில் போட்டுவிட்டேன்.

அந்தக் கைப்பையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஹாவ்லக், நீல் இரண்டுக்கும் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். 2018 டிசம்பரில் ஹாவ்லக்கை ஸ்வராஜ் தீவு என்றும் நீலை ஷாஹீத் தீவு என்றும் மாற்றிவிட்டார்கள். போர்ட் பிளேரும் 2024இலிருந்து ஸ்ரீ விஜயபுரம். டிக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் பயப்படாதே. ஹாவ்லக்கின் ராதாநகர் கடற்கரையை 2004இல் 'டைம்' பத்திரிகை ஆசியாவிலேயே சிறந்தது என்று எழுதியது. அழகுதான், மறுக்கவில்லை. வெள்ளை மணலும் அதன் முதுகுக்குப் பின்னால் ஓங்கிய காடுமாக இருக்கிறது. ஆனால் நாங்கள் தங்கிய அந்த ஒரு நாளில் பார்த்தவர்களில் பாதிப்பேர், வண்டி விசில் ஊதிய பிறகு டீ வாங்க இறங்கியவர்கள் மாதிரி நின்றார்கள். படம் எடுத்தார்கள், ஓடினார்கள்.

நான் சொல்வது, நாலு இரவையும் நீல் தீவில் வை. போர்ட் பிளேரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். தனியார் வேகக் கப்பல்கள் ஹாடோ துறையிலிருந்து கிளம்புகின்றன. தீவுக்குள் எங்கே போனாலும் சைக்கிளில் முக்கால் மணிக்குள் போய்விடலாம். 1960களில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்த வங்காளிகளைக் குடியமர்த்திய ஊர் அது. அவர்கள் காடு திருத்தி வாழையும் கத்தரியும் போட்டார்கள். போர்ட் பிளேர் சந்தைக்குக் காய்கறி இன்றும் அங்கிருந்து போகிறது. தெருவில் நடந்தால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் புடலைப் பந்தல். கடல் பார்க்க வந்த உன் அம்மா பந்தலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

ஊர்ப் பெயர்கள் இன்னும் வேடிக்கை. சீதாபூர், ராம்நகர், பரத்பூர், லட்சுமண்பூர். சூரியன் சீதாபூரில் உதித்து லட்சுமண்பூரில் மறைகிறது. கப்பல் துறை பரத்பூரில். போனவர்கள் திரும்பி வரட்டும் என்று துறையைப் பார்த்துக்கொண்டு உட்காரும் வேலையைப் பரதனுக்கே கொடுத்திருக்கிறார்கள், பார். நீல் என்ற பழைய பெயர் 1857 கலவரத்தை அடக்கிய வெள்ளைக்காரத் தளபதி நீலின் பெயர் என்பார்கள். அவனுக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை இருந்தது. அதை எடுக்கச் சொல்லி 1927இல் சத்தியாக்கிரகம் செய்து, 1937இல்தான் எடுத்து மியூசியத்தில் போட்டார்கள். நம் ஊரில் சிலையை நகர்த்தப் பத்து வருடம், அங்கே பெயரை நகர்த்த எத்தனை வருடம் என்று நீயே பார்த்துக்கொள். அதற்குப் பிறகும் படகுக்காரர்கள் வாயில் 'நீல்'தான்.

இனிக் கடலின் டைம்டேபிள். லட்சுமண்பூரின் இன்னொரு கரையில் கடல் குடைந்த பாறைப் பாலம் ஒன்று இருக்கிறது. நீ அதற்குப் பகல் 12 மணி போட்டிருக்கிறாய். எந்த நாளின் 12 மணி? நீர் வற்றினால்தான் அங்கே நடந்து போக முடியும். நிலா தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தாமதமாக எழுகிறது, ஓதமும், அதாவது கடல் நீர் ஏறி வற்றுவதும், அதன் பின்னாலேயே ஐம்பது நிமிடம் தள்ளிப் போகிறது. நாங்கள் போனது பௌர்ணமி கழிந்த சமயம். விடிகாலை ஆறேகாலுக்கு நீர் வற்றும் என்றான் வழிகாட்டிப் பையன். அப்படியே வற்றியது. நாளைக்கு ஏழு மணி தாண்டி ஐந்து நிமிடம் என்று நான் சொன்னேன். அவன் சிரித்தான். மறுநாள் போய் நின்றோம். நான் சொன்ன நேரத்துக்குப் பாறைகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. என் சர்வீஸில் எந்த வண்டியும் இப்படி வந்ததில்லை, பாப்பா. நீங்கள் தங்கும் இடத்தில் ஓத நேரத்தைக் கேட்டு, அதற்கேற்ப எழுந்தால் போதும்.

வற்றிய இடமெல்லாம் சின்னச் சின்னக் குட்டை. ஒன்றில் கறுத்த கடல் அட்டை, முழங்கை நீளம், செத்ததுபோல் கிடந்தது. இன்னொன்றில் நீல உதடு வைத்த பெரிய சிப்பி. நம் நிழல் விழுந்ததும் வாயை இழுத்து மூடிக்கொண்டது. பாசி வழுக்கியதால் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். முப்பத்தைந்து வருடத்தில் நாலு பேர் பார்க்க அவள் அப்படிப் பிடித்ததில்லை. பாசி முடிந்து மணல் வந்ததும் விட்டாளா என்று கேட்காதே, அது உனக்கு வேண்டாத விவரம். வழியில் ஒரு சங்கு கிடந்தது. அழகாக இருக்கிறதே என்று எடுத்தாள். உள்ளேயிருந்து ஒவ்வொரு காலாக நண்டு ஒன்று எட்டிப் பார்த்தது. "ஐயோ, வீட்டில் ஆள் இருக்கிறது" என்று பதறி, எடுத்த இடத்திலேயே, எடுத்த பக்கம் பார்த்தபடியே வைத்தாள். ஆள் இல்லாவிட்டாலும் எடுக்காதீர்கள். பவளமும் சங்கும் பொறுக்கி வருவதைச் சட்டம் தடுக்கிறது, விமான நிலையத்தில் பையைத் திறக்கச் சொல்வார்கள்.

கைப்பைக்கு வருகிறேன். முதல் நாள் நீலில் இறங்கியதும் கடற்கரையில் உட்கார்ந்தோம். உன் அம்மா பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தாள். பிளாட்பாரத்தில் வண்டிக்குக் காத்திருப்பவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள், எனக்கு நன்றாகத் தெரியும். "எதற்கு இப்படி உட்கார்ந்திருக்கிறாய்?" என்றேன். "அடுத்து என்ன?" என்று கேட்டாள். அடுத்து ஒன்றும் இல்லை என்று சொன்னபோது அவளுக்குப் புரியவில்லை. எனக்கே சரியாகப் புரியவில்லை. மாலையில் சாப்பாட்டுக் கடைக்கார வங்காளி அம்மாளின் அடுப்படிப் பக்கம் போய், பாஷை தெரியாமலே தட்டு எடுத்துக் கழுவப் பார்த்தாள். அந்த அம்மாள் கையைப் பிடித்து இழுத்து வந்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டாள்.

ரயில்வேயில் வாரத்துக்கு ஒருநாள் எங்களை விடுவிக்க ஒருவர் வருவார். அவருக்குப் பெயரே 'ரெஸ்ட் கிவர்'. அவர் வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால்தான் நான் வீட்டுக்குப் போகலாம். மாற்றாள் வராமல் ஸ்டேஷனை விட்டு நகர முடியாது. உன் அம்மாவுக்கு அப்படி ஒருவரும் வந்ததில்லை. இது எனக்கு ஓய்வு பெற்று இரண்டு வருடம் கழித்து, கடல் நடுவே ஒரு தீவில் உறைத்தது.

இரண்டாம் நாள் பை மடியிலிருந்து இறங்கி மணலுக்கு வந்தது. மூன்றாம் நாள் ஒரு நாட்டு வாதுமைக் கிளையில் தொங்கியது. மறுநாள் காலை நாங்கள் கிளம்ப வேண்டும். காற்று பலமாக வீச, கப்பல் ரத்து என்று சொல்லிவிட்டார்கள். துறையில் ஒரே சத்தம். நானும் பழக்கதோஷத்தில் அடுத்த கப்பல் எப்போது என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் உன் அம்மா பெட்டியை உருட்டிக்கொண்டு தங்கிய இடத்துக்கே நடந்துகொண்டிருக்கிறாள். அந்த நாலாவது நாள் யாருடைய தாளிலும் இல்லாத நாள். பையை அறையிலேயே வைத்துவிட்டு வந்தாள். மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தவள் தூங்கிவிட்டாள். இரண்டு மணி நேரம். நான் ராத்திரி டியூட்டி முடித்து வந்து பகலில் தூங்கும்போது உன் வாயையும் தம்பி வாயையும் பொத்திக்கொண்டு, குக்கர் விசிலைக்கூடத் தூக்கிவிட்டுச் சமைத்தவள். அன்று நான் காவல் இருந்தேன். ஒரு நாய் வந்தது, விரட்டினேன். இளநீர்க்காரர் கூவிக்கொண்டு வந்தார், விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சத்தமில்லாமல் போனார்.

அதற்கெல்லாம் உன் திட்டத்தில் இடம் எங்கே? மாப்பிள்ளைக்கும் ராத்திரியில் மீட்டிங், உனக்கு விடிகாலையில் வேலை. ஒரே வீட்டில் ஷிப்ட் மாற்றிக்கொள்கிறீர்கள். தாளைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கப்பல் நேரத்தையும் ஓத நேரத்தையும் மட்டும் வைத்துக்கொள்.

திரும்பும்போது போர்ட் பிளேரில் ஒரு முழு நாள் கையில் இருக்கட்டும். ரயில் அட்டவணையில் கடைசி ஸ்டேஷனுக்கு முன்னால் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுத்திருப்பார்கள், தாமதத்தைச் சரிக்கட்ட. எங்களுக்கும் அப்படி ஒரு நாள் வை என்று உன்னோடு நான் சண்டை போட்டேனே, அந்த நாள்தான் விமானத்தைக் காப்பாற்றியது. கப்பல் ஒழுங்காக ஓடினால் அந்த நாளைச் செல்லுலார் சிறைக்குக் கொடு. நீ 45 நிமிடம் ஒதுக்கியிருக்கிறாய். 1906இல் கட்டி முடித்த சிறை, ஏறக்குறைய எழுநூறு தனி அறை, ஏழு கிளையில் மூன்றுதான் மிச்சம். ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்க முடியாதபடி கட்டியிருக்கிறார்கள். அரை நாளாவது வேண்டும்.

தங்கும் இடத்தில் கல்யாண நாள், தேன்நிலவு என்று எதையும் சொல்லிவைக்காதே. எங்களுக்காக நீ சொன்னதன் பலன், கதவைத் திறந்தால் கட்டில் முழுக்கச் செம்பருத்தி இதழ், நடுவில் துண்டை முறுக்கிச் செய்த இரண்டு அன்னப்பறவை முத்தமிட்டுக்கொண்டு நிற்கின்றன. பெட்டி தூக்கி வந்த பையன் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுக் கூரையைப் பார்த்தான். உன் அம்மா நிதானமாக ஒரு அன்னத்தை அவிழ்த்துத் தலை துவட்டினாள். இன்னொன்றை நான் அவிழ்த்தேன்.

போன் அங்கே சரியாக எடுக்காது. நாலு நாளும் நீ எங்களைத் திட்டினாயே, அந்தத் திட்டை நாங்கள் திருப்பித் தர மாட்டோம். போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொல்லிவிடு, போதும். கடலில் இறங்குவதற்கு முன் எச்சரிக்கைப் பலகையைப் படி. அந்தக் கடல்களில் முதலை உண்டு. வழுக்காத ரப்பர் செருப்பு ஆளுக்கொரு ஜோடி. மணல் ஈ கடிக்கும், தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

உன் அம்மா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "தேங்காய் எண்ணெயை எழுதினீர்களா?" என்கிறாள். எழுதிவிட்டேன் என்று காட்டினேன். நாய் விரட்டிய பகுதியை அவள் படிப்பதற்குள் உறையில் போட வேண்டும்.

அன்புடன்,
அப்பா