கம்மி கெட்டவன்னு யாரைச் சொல்றீங்க?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். பெரிய நாடுங்க சர்வாதிகாரிய ஆதரிக்கிறது தப்பில்ல, அவனை விட மோசமானவன் வந்துடுவான்னு போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார், படிச்சதுல இருந்து மனசே கேக்கல.

நான் கம்போடியா தலைநகர் நோம்பென்ல, சர்வாதிகாரி போல்பாட் ஆளுங்க நடத்தின தூல் ஸ்லெங் சிறைக்குப் போயிருக்கேன், பழைய ஸ்கூல் அது, கிளாஸ்ரூம்ல இரும்புக் கட்டில், செவுரு பூரா கைதிங்க போட்டோ, அதுல சட்டையில நம்பர் குத்தின ஒரு சின்னப் பையன் நேரா நம்மளையே பார்க்கிறான். அவன் கிட்ட போய் போல்பாட் கம்மி கெட்டவன்னு சொல்ல முடியுமா? போல்பாட் ஆட்சியில செத்தது 15 லட்சத்துக்கும் மேல, 1979ல வியட்நாம் படை அவனை விரட்டுச்சு, ஆனா சோவியத் பக்கம் இருக்கிற வியட்நாம் ஜெயிச்சிடக் கூடாதுன்னு அமெரிக்கா கம்போடியாவோட ஐநா சீட்டை போல்பாட் ஆளுங்களுக்கே விடணும்னு ஓட்டு போட்டுச்சு, சீனா ஆயுதமே குடுத்துச்சு.

நமக்கும் இதுல பங்கு இருக்கு ஐயா, அதுதான் எனக்கு ரொம்ப வலிக்குது. 1982 ஜூன்ல அந்த ஆளுங்களையும் சேர்த்து ஒரு கூட்டணி அரசாங்கம்னு கையெழுத்து போட்டது இதே கோலாலம்பூர்லதான். அப்பவும் இதே பேச்சுதான், வியட்நாமுக்கு இவங்க தேவலாம்னு. கையெழுத்து போட்ட மூணு பேர்ல ஒருத்தர் போல்பாட் ஆட்சியில நாட்டுத் தலைவரா இருந்த கியூ சம்பான், அவரைத்தான் 2018ல கோர்ட் இனப்படுகொலை குற்றவாளின்னு தீர்ப்பு சொன்னுச்சு.

ஒரு வாசகர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்