எட்டு கேம்ப் வேண்டாம், இரண்டு போதும்

அன்புள்ள சேகர்,

உன் மெயில் வந்து நான்கு நாள் ஆகிறது. அப்பா முழங்கால் ஆபரேஷன் முடிந்து, கைத்தடியைக் கொண்டுபோய் மூலையில் வைத்துவிட்டார் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. அவர் கொஞ்ச நாளைக்குத் தோட்டத்துக் கிணற்றை எட்டிப் பார்க்காமல் இருந்தால் போதும். இங்கே எல்லோரும் சௌக்கியம். அக்டோபர் பிறந்துவிட்டது, ஜோகன்னஸ்பர்க் முழுக்க ஜகரண்டா பூத்துக் கிடக்கிறது. தினமும் காலையில் காரிலிருந்து ஊதாப் பூவை வழித்துப் போடுவது என் வேலை.

அப்புறம், க்ரூகர் தேசியப் பூங்காவுக்கு நாம் போகப்போகிற பயணத்துக்காக நீ அனுப்பிய எக்செல் ஷீட். பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதே. ஐந்து நாளில், காட்டுக்குள் தங்குகிற எட்டு கேம்ப்! க்ரூகரை நீ முதுமலை மாதிரி நினைத்துவிட்டாய். முதுமலை சரணாலயம் 321 சதுர கிலோமீட்டர். இது கிட்டத்தட்ட 20,000. தெற்கு முனையிலிருந்து வடக்கு முனைக்கு 360 கிலோமீட்டர் போல வரும், அதாவது சென்னையிலிருந்து பெங்களூரு போகிற தூரம். தார் ரோட்டில் 50, மண் ரோட்டில் 40, அதற்கு மேல் ஓட்டக்கூடாது. அந்த வேகத்தில்கூட நீ ஓட்டமாட்டாய். முதல் ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்ததும் வண்டி நிற்கும். மணிக்கு இருபது கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டுக்கொள்.

என் யோசனை இதுதான்: லோயர் சாபியில் இரண்டு இரவு, சட்டாராவில் இரண்டு இரவு. அவ்வளவுதான். இங்கிருந்து விடியற்காலை கிளம்பினால் என்4 நெடுஞ்சாலையில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். குரொக்கடைல் பிரிட்ஜ் வாசல் வழியாக நுழைவோம். பெயருக்கேற்ற மாதிரி ஆற்றின் குறுக்கே தாழ்வான ஒரு பாலம். கேட்டில் பெயர் எழுதும் முன்பே பாலத்திலிருந்து நீர்யானை கண்ணில் பட்டாலும் படும். அங்கிருந்து லோயர் சாபி முப்பத்தைந்து கிலோமீட்டர்கூட இல்லை. திரும்பும்போது சட்டாராவிலிருந்து ஆர்ப்பன் வாசல் வழியாக வெளியே வந்து, பிளைட் நதிப் பள்ளத்தாக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு வீடு.

சட்டாரா என்றதும் மகாராஷ்டிராவா என்று கேட்பாய். அந்தக் காலத்தில் நிலம் அளந்தபோது கூட இருந்த இந்திய உதவியாளர், பதினேழாம் எண் மனையை இந்தியில் ‘சத்ரா’ என்று குறிக்க, அதுவே பெயராகிவிட்டது என்று சொல்கிறார்கள். எப்படியோ, சிங்கத்துக்கு அந்த வட்டாரம்தான் பேர்போனது. புல்வெளி அதிகம், அதனால் வரிக்குதிரையும் அதிகம், அதனால் சிங்கமும் அதிகம்.

டிசம்பரில் வரலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். அப்போது இங்கே கோடை, மழைக்காலம். காடு பச்சைப் பசேலென்று இருக்கும், இம்பாலா மான்கள் குட்டி போட்டிருக்கும், எல்லாம் சரி. ஆனால் ஆளுயரப் புல்லுக்குப் பின்னால் பத்தடியில் சிறுத்தை படுத்திருந்தாலும் தெரியாது. ஆகஸ்டில் புல் காய்ந்து சாய்ந்திருக்கும், குட்டைகள் வற்றி, எல்லாமே மிச்சமிருக்கும் தண்ணீரைத் தேடி வரும். கொசுவும் குறைவு. அதற்காக மலேரியாவை மறந்துவிடாதே. கிளம்புவதற்கு முன் டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கிக்கொள். ஆடிஸ் அபாபா, நைரோபி வழியாக டிக்கெட் போட்டு, அங்கே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டியிருந்தால் மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் கேட்பார்கள். துபாய் வழியாக வந்தால் அந்தத் தலைவலி இல்லை. ஆகஸ்ட் 9 இங்கே மகளிர் தின விடுமுறை, அதை ஒட்டிய வார இறுதியில் கூட்டம் நெரியும். உனக்கு எப்படியும் சுதந்திர தினத்தை ஒட்டித்தான் லீவு, அது போதும்.

வண்டியைப் பற்றிக் கவலைப்படாதே. ஃபோர் வீல் டிரைவ் தேவையே இல்லை. சாதாரண காரே போகும், ஆனால் உட்காருகிற இடம் கொஞ்சம் உயரமாக இருந்தால் புதர்களுக்கு மேல் பார்க்கலாம். இங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டுகிறோம். எதற்கும் ஆர்.டி.ஓ. ஆபீசில் இன்டர்நேஷனல் பர்மிட் வாங்கி வா, உன்னையும் ஓட்டவிடுகிறேன். ஆளுக்கொரு பைனாகுலர் அவசியம். ஒன்றே ஒன்று கொண்டு வந்தால் தங்கச்சியும் பையனும் அடித்துக்கொள்வார்கள், நீ எதையும் பார்க்கமாட்டாய். உன் பெரிய லென்ஸை வைக்க ஸ்டாண்டு தூக்கி வராதே, காரை விட்டு இறங்கவே முடியாது. தலையணை உறையில் இரண்டு கிலோ அரிசியைக் கட்டி ஜன்னலில் வைத்தால் லென்ஸ் அசையாது. ஊருக்குத் திரும்புகிற அன்று அதையே பொங்கிச் சாப்பிடலாம். இரண்டு முறை செய்திருக்கிறோம்.

ஏன் இரண்டே கேம்ப் என்று இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன் தெரியுமா? முதல் வருடம் நானும் உன்னைப் போலத்தான் ஷீட் போட்டுக்கொண்டு போனேன். எதிரே வருகிற காரை நிறுத்தி என்ன பார்த்தீர்கள் என்று கேட்பது இங்கே வழக்கம். ஒருவர் சிங்கம் என்றார், ஓடினோம். போய்ச் சேர்ந்தபோது பதினைந்து கார்களின் பின்பக்கமும், புல்லுக்குள் ஆடிய ஒரு வால் நுனியும்தான் தெரிந்தன. அதற்குள் சாயங்காலம் ஐந்தரை. ஆகஸ்டில் ஆறு மணிக்கு கேம்ப் கதவை மூடிவிடுவார்கள். இருபது நிமிடம் தாமதமாகப் போய், அபராதம் கட்டி, காவலாளி பார்த்த பார்வையையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனோம்.

மறுநாள் கோபத்தில் எங்கேயும் ஓடுவதில்லை என்று முடிவு செய்து, சட்டாராவுக்குப் பக்கத்தில் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். ரோட்டுக்கு அடியில் மழைத்தண்ணீர் போகிற சிமென்ட் குழாய். பத்து நிமிடம் கழித்து அதிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. கரிச்சட்டி நிறத்தில், நாய்க்குட்டி அளவில், கழுதைப்புலிக் குட்டி. பின்னாலேயே இன்னொன்று. இரண்டும் தள்ளாடிக்கொண்டு நேராகக் காருக்கு வந்தன. ஒன்று டயரை முகர்ந்தது. மற்றது பின்சக்கரத்து ரப்பர் மறைப்பைக் கடித்து இழுக்கிற சத்தம் உள்ளே கேட்டது, சரக் சரக்கென்று. அம்மா கழுதைப்புலி குழாய் வாசலில் படுத்தபடி ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. அடியில் குட்டி இருக்கும்போது வண்டியை எடுக்க முடியாதே! முக்கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அந்தப் பயணத்தில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது அதுதான். ரப்பரில் பல் பட்ட தடம் இன்னும் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன்.

பயப்பட வேண்டியது யானைக்கு மட்டும். மசினகுடி ரோட்டில் அந்த ராத்திரி நீ பைக்கைப் போட்டுவிட்டு ஓடினாயே, அந்த நடுக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. இங்கே யானை அதைவிடப் பெரிது, பெண்ணுக்கும் தந்தம் உண்டு. கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் வண்டியை விடக்கூடாது. கன்னத்தில் மதநீர் வழிகிற தனி ஆண் எதிரே வந்தால் பேசாமல் ரிவர்ஸ் எடுக்க வேண்டியதுதான், அரை கிலோமீட்டர் ஆனாலும் சரி. அதற்குத்தான் முதல் நாள் நான் ஓட்டுகிறேன் என்கிறேன்.

சாப்பாட்டுக்குப் பிரச்சினை இல்லை. குடிசையிலேயே அடுப்பும் ஃபிரிட்ஜும் இருக்கும். ஆனால் குரங்கு ஜாக்கிரதை. போன தடவை வராண்டாவில் வைத்த எலுமிச்சை சாதத்தை வெர்வெட் குரங்கு ஒன்று டப்பாவோடு மரத்துக்கு எடுத்துப் போய், ஒரு வாய் தின்றுவிட்டு மீதியை எங்கள் தலையில் கொட்டியது. காரம் போலிருக்கிறது.

க்ரூகரை 1927-இல் முதன்முதலாகப் பொதுமக்களுக்குத் திறந்தபோது அந்த வருடம் முழுக்க வந்தவை மூன்றே கார்கள். இப்போது பதினோரு மாதம் முன்பே முன்பதிவு தொடங்குகிறது, ஆற்றைப் பார்த்த குடிசைகள் உடனே போய்விடுகின்றன. இனி யாராவது ரத்து செய்தால்தான். தினமும் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்று லோயர் சாபியில் ஒன்று காலியாக இருந்தது. உன்னிடம் கேட்டுவிட்டுப் போடலாமே என்று போனை எடுத்தேன், நீ எடுக்கவில்லை, காப்பி ஆறுவதற்குள் அது போய்விட்டது. தங்கச்சியிடம் பேசி, ஞாயிற்றுக்கிழமைக்குள் தேதியைச் சொல்.

அன்புடன்,
ரவி