என் பேத்தியின் வரி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தந்தையர் தினச் சிறப்பிதழில் என் பேத்தியின் கவிதையைப் போட்டிருந்தீர்கள், நன்றி. பெயர் சரி, ஏழாம் வகுப்பு என்பதும் சரி. ஆத்தங்குடியை 'ஆத்துக்குடி' ஆக்கியதைக்கூட விட்டுவிடுகிறேன். கவிதைதான் அவளுடையதாக இல்லை.

அவள் எழுதியது: 'எங்கப்பா போட்ட பூவுக்கு காஞ்சாத்தான் முகம் தெரியும்.' நீங்கள் அச்சிட்டது: 'வியர்வை சிந்தி எனை வளர்த்த தெய்வமே!'

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிப் பூக்கல் எப்படி உருவாகிறது என்று தங்களுக்குத் தெரியாததில்லை. கண்ணாடிமேல் சட்டம் வைத்து, உள்ளே அச்சு வைத்து, கட்டம் கட்டமாக வண்ணக் குழம்பை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்திவிடுவார்கள். பூ அடியில் போய்விடும். கண்ணாடி கழன்றால்தான் போட்டவனுக்கே பூ கண்ணில் படும். அதைத்தான் அந்தப் பிள்ளை பார்த்து எழுதினாள். வியர்வையாம்! கண்ணாடியில் ஒரு சொட்டு விழுந்தாலும் பூ கெட்டுவிடும் என்று தோளில் துண்டு இல்லாமல் என் மகன் வேலையில் நின்றதில்லை.

'எங்கப்பா ரசத்தைக் கிளாஸ்ல குடிப்பாக' என்ற வரியையும் காணோம். 'கவித்துவம் குறைவு' என்று தங்கள் அலுவலகத்தில் போனில் சொன்னார்கள். சிமெண்ட் தின்ற விரல் வெடிப்பில் புளி பட்டால் என்ன எரிச்சல் எரியும் என்று எனக்குத் தெரியும். அவன் அப்பாவும் அதே கல்லில்தான் முப்பது வருஷம் நின்றார். அவருக்கும் நான் ரசத்தைக் கிளாஸில்தான் கொடுத்தேன்.

எங்கள் பக்கத்துப் பிரான்மலைதான் பாரியின் பறம்பு. அப்பனை இழந்த அவன் பெண்கள் பாடியது புறநானூற்றில் ஐந்தே வரி. அன்றைய நிலவில் அப்பா இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. இன்றைய நிலவில் இரண்டும் இல்லை. அவ்வளவுதான். அதில் தெய்வமும் இல்லை, வியர்வையும் இல்லை. நல்லவேளை, அது தங்கள் அலுவலகத்துக்கு வரவில்லை.

எங்கள் ஊர் என்றால் தங்களுக்குக் கோழிக் குழம்பும் தேக்குக் கதவும்தானே. சில வருஷம் முன்பு செட்டிநாட்டுச் சிறப்பிதழில் ஒரு வீட்டு முற்றத்துத் தரையைப் படம் போட்டு 'இத்தாலிப் பளிங்கு' என்று எழுதினீர்கள். அது என் வீட்டுக்காரர் கை பட்ட தரை. கார்டு போட்டேன், பதில் இல்லை. மழைக்காலத்தில் கல் காயாமல் கூலி இல்லாமல் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி யாரையாவது அனுப்பி எழுதச் சொன்னேன். அதற்கும் பதில் இல்லை. சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்த கிழவிக்கு எதற்குப் பதில்!

மறுபடி அச்சிடச் சொல்லவில்லை. பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் அவள் எழுதி அனுப்பியதுதான் ஒரே பிரதி. அவள் அப்பா அதை இன்னும் படிக்கவில்லை. தபால் தலை ஒட்டிய உறை இத்துடன் இருக்கிறது. அந்தத் தாளை மடிக்காமல் அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
பேத்தியின் அப்பத்தா,
ஆத்தங்குடி.