பொழுதோட வேளைக்கு வழி காட்டியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்புக்குரிய ஊர்ப் பெரியவர்களுக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் என் பணிவான வணக்கம்.

பல்லடத்துக்குப் பக்கத்தில் 8 விசைத்தறிகளை வைத்துக் கூலிக்குக் காடாத் துணி நெய்து கொடுத்து வரும் நான், ஏறத்தாழ 15 ஆண்டுகள் நாள் தவறாமல் குடித்தவன் என்பதும், சென்ற ஆண்டு ஆனி மாதம் தொடங்கி அதைக் குறைத்து வருகிறேன் என்பதும் உங்களில் பலருக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. குடியைக் குறைத்தபோது நாக்கின் தவிப்பைவிட என்னை அதிகம் வாட்டியது, நம் பக்கத்தில் ‘பொழுதோட’ என்று சொல்கிறோமே, அந்த மாலை வேளைதான். 6 மணிக்கும் 10 மணிக்கும் இடைப்பட்ட அந்த நேரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல், தறிக்கூடத்து வாசலுக்கும் வீட்டுத் திண்ணைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அந்த வேளையை நீங்கள் ஆளுக்குக் கொஞ்சமாக வாங்கிக்கொண்டீர்கள். அதற்காகவே இம்மடல்.

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் என்னைப் பார்த்த மருத்துவர் அம்மாவுக்கு முதல் நன்றி. யாரிடமும் சொல்லாமல் ஒரே நாளில் நிறுத்திவிடலாம் என்று நினைத்து, மறுநாள் தறியில் பாவு நூலைப் பிணைக்கக்கூட முடியாமல் விரல்கள் நடுங்கி, உடல் முழுவதும் வேர்த்துக் கொட்டிய நிலையில் என் மனைவி என்னை அங்கே அழைத்துச் சென்றார். பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்துப் பழகிய உடம்பில் சாராயத்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தக் கலக்கமும் வரக்கூடும், உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம், அதனால் மருத்துவரின் கண்காணிப்பில்தான் இதைச் செய்ய வேண்டும் என்று மருத்துவர் அம்மா பொறுமையாக விளக்கினார். மாத்திரைகளையும் தயமின் என்னும் பி1 வைட்டமினையும் எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு, இத்தனை நாள் கடையில் கழிந்த 4 மணி நேரத்தை இனி என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். அறிவுரை சொன்னவர்கள் எத்தனையோ பேர் உண்டு. அந்தக் கேள்வியை வேறு எவரும் கேட்டதில்லை. முழுவதுமாக விட்டுவிட்டேன் என்று இங்கே எழுதினால் அது பொய்யாகும். இந்த 14 மாதங்களில் குடித்த நாட்களைத் தறிக்கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன், அவை 11. அந்த 11 நாட்களும் வேண்டியதில்லை என்றே அவர் இன்றும் சொல்கிறார், நானும் அதற்கு உடன்படுகிறேன்.

முதல் இரண்டு மாதங்கள் கைப்பேசியில் சதுரங்கம் ஆடிப் பார்த்தேன், பழைய பாட்டுக் கேட்டுப் பார்த்தேன், மனம் சற்று நேரத்தில் கடைப்பக்கம் திரும்பிவிடும். தனியாகச் செய்யும் எதையும் நினைத்தவுடன் நிறுத்திவிட்டு எழுந்துவிட முடிகிறது. நமக்காக ஓர் ஆள் காத்திருந்தால் அப்படி எழ முடிவதில்லை. இதை நான் கற்றுக்கொண்டது மாகாளியம்மன் கோயில் திடலில்.

வள்ளி-முருகன் கதையைப் பாடி ஆடும் வள்ளி கும்மியின் ஆசிரியர் அண்ணனுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்! ஆவணியில் பயிற்சி தொடங்கியபோது என் மனைவியும் மகளும் சேர்ந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிய என்னைக் கையைப் பிடித்து வரிசையில் நிறுத்தியவர் நீங்கள். 47 வயதில் எனக்கு இடுப்பு வளையாதுங்கண்ணா என்றேன். மேட்டுப்பாளையம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்திரப்பன் ஐயா காலமெல்லாம் இந்தக் கும்மியை ஆடியும், பெண்களுக்கும் கற்பித்தும் வந்து 2024-இல் தம் 87-ஆம் வயதில் பத்மஸ்ரீ விருது பெற்றதைச் சொல்லி, செருப்பைக் கழற்றி வைக்கச் சொன்னீர்கள். இரவு ஏழரைக்குத் தொடங்கினால் ஒன்பதரை வரை நீங்கள் பாட, நாங்கள் திருப்பிப் பாடிக் கைதட்டி அடியெடுத்து வைக்க, வள்ளி தினைப்புனத்தில் ஆலோலம் பாடிப் பறவை ஓட்டுவதும், முருகன் வேடனாகவும் வேங்கை மரமாகவும் கிழவராகவும் வருவதும் ஒவ்வொரு நாளாக விரியும். தறியோசையைத் தவிர வேறு தாளம் அறியாத என் கால்களுக்கு மூன்றாவது வாரத்தில்தான் அடி பிடிபட்டது. ஒருவர் வராவிட்டால் வரிசையில் இடைவெளி விழும் என்பதால், மனம் எங்கே இழுத்தாலும் ஏழரைக்கு நான் அங்கே இருந்தாக வேண்டியிருந்தது. ஐப்பசிக் கிருத்திகையன்று அரங்கேற்றத்தில் என் மனைவிக்கும் மகளுக்கும் நடுவில் நின்று ஆடினேன். வீட்டுக்குத் திரும்பும்போது மகள், “ஏனுங்கப்பா, அடுத்த ஊருக்கு ஆடப் போறப்பவும் வருவீங்களா?” என்று கேட்டதை வாழ்நாளில் மறக்க மாட்டேன்.

ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர் ஐயாவுக்கு அடுத்து எழுதுகிறேன். சனிக்கிழமை கூலி போடும் நாள். தறிக்காரர்களுக்கு அந்த இரவு எப்படிப்பட்டது என்பதை நீங்கள் நன்றாக அறிந்தவர். “ஞாயித்துக்கெழம வெடியால அஞ்சு மணிக்கு வாசல்ல நிக்கோணும் தம்பி” என்று மட்டும் சொன்னீர்கள். ஐந்து மணிக்கு எழ வேண்டுமென்றால் சனி இரவு கடைக்குப் போக முடியாது. திருப்பூர் நஞ்சராயன் குளத்தின் பெயரைக் கேள்விப்பட்டிருந்தேனே தவிர, 2022-இல் அது தமிழ்நாட்டின் 17-ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதும், 2024-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றதும் உங்கள் வண்டியின் பின்னால் அமர்ந்து வந்தபோதுதான் எனக்குத் தெரிய வந்தன. கூழைக்கடாவையும் மஞ்சள் மூக்கு நாரையையும் எவரும் கண்டுகொள்வார்கள். தாழைக்கோழிக்கும் நாமக்கோழிக்கும் உள்ள வேறுபாட்டை மூக்கின் நிறத்தைக் கொண்டு அறிய எனக்கு நான்கு வாரங்கள் ஆயின. இமயமலையைத் தாண்டிப் பறந்து வரும் வரித்தலை வாத்துகளை மார்கழிப் பனியில் முதன்முறை பார்த்தபோது, உங்கள் பைனாகுலரைப் பிடித்திருந்த என் விரல்கள் நடுங்கவில்லை என்பதைக் கவனித்தேன். உங்களிடம் அன்று அதைச் சொல்லவில்லை; இப்போது சொல்கிறேன். தைப்பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் என் கையெழுத்திலேயே 23 இனங்களை எழுதினேன்.

பக்கத்து வீட்டு அமுச்சி (பாட்டி) ஆடிப்பட்டத்தில் அவரை விதையும் பீர்க்கன் விதையும் மடியில் முடிந்து கொண்டுவந்து கொடுத்ததால், மாலையில் தறியை விட்டு வந்ததும் தண்ணீர் ஊற்றும் வேலை ஒன்று எனக்காகக் காத்திருக்கிறது. அமுச்சிக்கு என் வணக்கம்.

என் சனிக்கிழமைக் கூட்டாளிகளுக்கும் நன்றி சொல்லாமல் இருக்க முடியாது. நீங்கள் என்னைக் கூப்பிடாமல் இருந்தீர்கள். 20 ஆண்டு நட்பில் ஒருவனைக் கூப்பிடாமல் கடந்து போவது எவ்வளவு கடினம் என்பதை நான் அறிவேன். அரங்கேற்றத்தன்று கூட்டத்தின் பின்வரிசையில் நின்று நீங்கள் கைதட்டியதையும் பார்த்தேன்.

என் மனைவிக்கு ஊரறிய எழுத வேண்டிய நன்றியை எழுதத் தொடங்கினால் இம்மடல் முடியாது. தவறிய அந்த 11 நாட்களிலும், மறுநாள் மாலை ஏழு மணிக்கு எதுவும் பேசாமல் கும்மி வேட்டியை மடித்துத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். அதைக் கட்டிக்கொண்டு நானும் திடலுக்குப் போனேன்.

ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு விண்ணப்பமும் உண்டு. பைனாகுலரைத் திருப்பித் தர மூன்று முறை வந்தேன், மூன்று முறையும் வாங்க மறுத்துவிட்டீர்கள். மருத்துவமனையில் மாத்திரை வாங்கும் வரிசையில் எனக்குப் பின்னால் அமர்ந்திருந்த தம்பி ஒருவர், கடந்த ஐந்து ஞாயிறுகளாக என் வண்டியின் பின்னால் குளத்துக்கு வருகிறார். வரும் மார்கழியில் வாத்துகள் வருவதற்குள் அந்தப் பைனாகுலரை அவர் கையில் கொடுத்துவிட உங்கள் அனுமதியை வேண்டுகிறேன்.

என்றும் நன்றியுடன்,
பல்லடம் பக்கத்துத் தறிக்காரன்